ஊமைப் பாஷாவும் பேசும் மாமியும்

'அவ்வை சண்முகி'யைப் பற்றி இத்தனை வருடங்களுக்குப் பின்னர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1996 நவம்பரில், தீபாவளிக்கு வெளிவந்த படம். எங்கள் ஊருக்கு அது அடுத்த வருடம் வீடியோ கசெட்டாக வந்து சேர்ந்தது. டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, ஒரே இரவில் மூன்று படம் ஓடவிட்ட காலம் அது. மற்ற இரண்டு படங்களும் எவை என்று இன்று நினைவில்லை. சண்முகி மாமியின் நடையை மட்டும் மறுநாள் காலை ஊர் இளைஞர்கள் அத்தனை பேரும் கடற்கரை மணலில் நடந்து பார்த்தார்கள். நானும் நடந்தேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது.

இப்போது எழுதத் தூண்டியவன் லண்டனில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன். 2023இல் அங்கு ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு, "சேர், எங்கட அவ்வை சண்முகிய வெள்ளக்காரன் பாட்டும் ஆட்டமுமா மேடையில போட்டிருக்கான்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். அவனுக்குப் பதில் சொல்லப் போய் அது நீண்டுவிட்டது.

மாணவன் வம்சாவளியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். ஆன் ஃபைன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1987இல் சிறுவருக்காக எழுதிய நாவல் ஒன்று. அதிலிருந்து 1993இல் ரொபின் வில்லியம்ஸ் நடித்த ஹொலிவூட் படம். அதைத் தழுவி கே. எஸ். ரவிக்குமார் இயக்கத்தில், கிரேஸி மோகன் வசனத்தில், கமல்ஹாசன் நடித்த நம் படம். அடுத்த வருடமே கமல் அதனை 'சாச்சி 420' என ஹிந்தியில் தானே இயக்கினார். மேடை வடிவம் மிகப் பிந்தியது. 2019 இறுதியில் சியாட்டில் நகரில் வெள்ளோட்டம் பார்த்து, 2020 மார்ச்சில் நியூயோர்க்குக்கு வந்து, மூன்று முன்னோட்டக் காட்சிகளோடு கொரோனாவால் நின்று, 2021 டிசம்பர் 5இல் முறைப்படி அரங்கேறி, 2022 மே மாதம் 29ஆம் திகதி அங்கு முடிந்தது. அதன் பின்னரே இங்கிலாந்துக்குப் போயிற்று.

ஆனால் மாணவன் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது. நம் சண்முகி வந்ததும் மேடையிலிருந்துதான். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் ஔவையாராக வேடமிட்டு, அந்த வேடமே பெயரோடு ஒட்டிக்கொண்டவர் அவ்வை டி. கே. சண்முகம். சிறுவன் கமல்ஹாசன் அந்தச் சபையில் பயின்றவர். படத்தில் வேடமிட்டவனிடம் பெயர் கேட்கும்போது, தெருப் பெயர்ப்பலகையில் அவ்வை சண்முகம் சாலை என்றிருப்பதைப் பார்த்து அவன் சண்முகி ஆகிறான். பார்ப்பவர்களுக்கு அது நகைச்சுவை. தெரிந்தவர்களுக்கு ஆசானுக்குச் செய்த ஸலாம்.

இரசிகர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியதும் பேசுவதும் பெரும்பாலும் ஒரே விடயம்தான்: ஓர் ஆண் எவ்வளவு அச்சாகப் பெண்ணானான்! ஒப்பனைக்கு எத்தனை மணித்தியாலம், குரலை எப்படி மாற்றினார், நடை எப்படி வந்தது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இதே கதைதான் வருடக் கணக்கில் நடந்தது. ரொபின் வில்லியம்ஸா கமலா என்ற வழக்குக்கு இன்றும் தீர்ப்பில்லை. ஆங்கிலப் படத்தைப் பார்க்காதவர்களே அதில் அதிகம் சத்தமாக வாதாடினார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

மேற்கில் அந்த இசை நாடகத்தையொட்டி எழுந்த பேச்சு வேறு திசையில் போனது. பெண் உடை உடுத்த ஆண் என்பதே ஒரு பகிடியா? அந்தப் பகிடி யாருடைய தலையில் விழுகிறது? பிறப்பில் ஆணெனப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர்கள் மண்டபத்தில் இருந்தால், அவர்கள் எங்கே சிரிப்பார்கள்? இந்தக் கேள்விகளை நாடகத்தைத் தயாரித்தவர்களும் தட்டிக்கழிக்க முடியவில்லை. படத்தில் கதாநாயகனுக்கு ஒப்பனை செய்யும் சகோதரனும் அவனுடைய துணைவனும் சிறு பாத்திரங்கள். மேடையில் அந்த இருவருக்கும் இடம் விரிந்தது. துணைவனாக நடித்த ஜே. ஹரிசன் கீ அடுத்து இன்னொரு நாடகத்தில் தோன்றினார்: 1959இல் வந்த 'சம் லைக் இட் ஹொட்' படத்தை 2022இல் இசை நாடகமாக்கியது. கொலைகாரருக்கு அஞ்சிப் பெண் வேடமிட்டு ஒளியும் இரு இசைக் கலைஞரின் கதை. பழைய படத்தில் பெண் உடை ஓர் ஒளிப்பிடம் மட்டுமே. புதிய மேடையில் இருவரில் ஒருவர், ஒளிய உடுத்த உடையே தன் உண்மை என்று கண்டு நின்றுவிடுகிறார். அந்தப் பாத்திரத்துக்காக 2023இல் ஹரிசன் கீக்கு டோனி விருது கிடைத்தது.

இதில் உடன்படுவதும் படாததும் வாசகர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு படத்தை மேடைக்கு மாற்றும்போது, படம் சிரித்துக் கடந்துபோன ஒருவரை நிறுத்திவைத்து, அவருக்கு ஒரு பாட்டுக் கொடுக்க முடியும் என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் 'அவ்வை சண்முகி'யில் அப்படி நிறுத்திவைக்க வேண்டியவர் யார்?

அதற்குப் போகுமுன் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, எங்கள் ஊர் மௌலவி ஒருவர் சொன்னது. பெண்களைப் போல் வேடங்கொள்ளும் ஆண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்க, இலக்கியம் பேசுபவர்கள் இதையெல்லாம் பாராட்டலாமா என்று கேட்டார். மரியாதையோடு கேட்டார், மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இலக்கியத்தில் இருப்பதைச் சொல்லலாம். அரபு மத்ரஸாக்களில் மொழிப் பாடமாக ஓதிவந்த 'மகாமாத்' நூலைத் தந்தவர் பஸராவின் அல்-ஹரீரி, 1122இல் மறைந்தவர். அதன் நாயகன் அபூ ஸைத் ஒரு வேடதாரி. பதின்மூன்றாவது மகாமாவில் அவன் கிழவி வேடமிட்டு, பின்னால் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பக்தாதின் கவிஞர் கூட்டத்தின் முன் வந்து கையேந்துகிறான். அந்தக் கிழவியின் நாவன்மையில் கவிஞர்கள் மயங்கிக் காசு கொடுக்கிறார்கள். பின்தொடர்ந்து போனவர்தான் முகத்திரைக்குள் இருப்பது யார் என்று காண்கிறார். ஹரீரி அவனைப் புனிதனாக்கவுமில்லை, கல்லெறியவுமில்லை. வேடத்தின் கீழ் அவன் நாக்கு எப்படி அவிழ்ந்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறார். மௌலவி அந்த மகாமாவை ஓதியவர்தான். சிரித்துவிட்டு, "மகாமாத்த கொண்டு வந்துட்டீங்களா" என்றார். பேச்சு அத்தோடு நிற்கவில்லை. ஆனால் தேநீர் வந்துவிட்டது.

மற்றது, வாவிக்கு அக்கரையில் நான் கண்டது. 2010இல், மண்முனைப் பாலம் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்னர், கலாசாலைத் தோழர் ஒருவரின் அழைப்பில் 'பாதை' ஏறிப் படுவான்கரைக்குப் போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தேன். வட்டக் களரி, மத்தளம், சல்லரி, பாரதக் கதை. வடமோடி, தென்மோடி இரண்டிலும் பெண் பாத்திரங்களை ஆண்கள் ஆடுவதுதான் மரபு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோன பின்னரும் கிராமத்துக் களரியில் அந்த வழக்கம் நின்றிருக்கிறது. பாஞ்சாலியாக வந்தவர் வயலில் வேலை செய்யும் மனிதர். தோளைப் பார்த்தாலே தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர் அழுதார். இடைவேளையில் நடந்த பேச்சில், போன முறை ஆடியவரின் வரவாட்டம் நல்லதா இவருடையதா என்று இரு கட்சி பிரிந்து வாதாடினார்கள். 'ஆம்பிளை எப்படிப் பொம்பிளையானான்' என்பது அங்கே ஒரு கேள்வியே அல்ல. பாஞ்சாலிக்கு நீதி கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

ஆக, வேடத்தில் சிரிப்பு உடுப்பிலிருந்து வருவதில்லை. யார் யாராக ஆக வேண்டியிருக்கிறது, அதற்கு அவன் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே எல்லாம் வருகிறது.

இப்போது படத்துக்கு வருவோம். கிரேஸி மோகன் செய்த பெரிய மாற்றம் மாமியின் மடிசார் அல்ல. ஆங்கிலப் படத்தில் தகப்பன் தன் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக ஒரு முதிய பெண்ணாக மாறினால் போதும். சென்னையில் அது போதாது. பாண்டியன் உதவி நடனக் கலைஞன். மனைவி ஜானகி வசதியான பிராமண வீட்டுப் பெண். மாமனார் விசுவநாத ஐயர் மருமகனை ஏற்காததற்குப் பணமும் சாதியும் சேர்ந்த காரணம். ஆகவே அவன் பெண்ணாவதோடு பிராமணத்தியாகவும் ஆக வேண்டியிருக்கிறது. ஆணிலிருந்து பெண்ணுக்குத் தாண்டியதை இரசிகர்கள் கொண்டாடினார்கள். சாதி தாண்டியதைப் பற்றிப் பேசியவர் குறைவு. இது தழுவலில் நேர்ந்த அசல் படைப்பு என்றே சொல்வேன். ஆங்கிலப் படம் பிரிந்த கணவன் மனைவியைப் பிரித்தே விட்டுவிடும் துணிவைக் காட்டியது. நம் படம் சேர்த்துவைத்து முடித்தது. அது பலவீனம். ஆனால் சாதியை உள்ளே கொண்டுவந்ததில் நம் படம் மூலத்தைவிடக் கனமானது.

அதே வீட்டுக்குள் இன்னொரு வேடதாரி இருக்கிறான். பாஷா. நாசர் நடித்த பாத்திரம். சமையல் தெரிந்த முஸ்லிம். ஐயர் வீட்டு அடுக்களையில் பிராமணச் சமையற்காரனாக நுழைக்கப்படுகிறான். வாயைத் திறந்தால் பேச்சுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவன் ஊமை.

இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை எல்லோரையும் போலச் சிரித்தேன். நாசரின் உடல்மொழி அபாரம். கையையும் கண்ணையும் மட்டும் வைத்து அவர் செய்வது லேசான வேலை அல்ல. பிற்பாடுதான் உறைத்தது. ஓர் ஆண் பெண்ணாகலாம். ஆனதும் அவனுக்கு நாக்கு நீளுகிறது. மாமியாக இருக்கும்போது பாண்டியன் சொல்வதை மருமகனாக இருந்தபோது அவனால் சொல்லியிருக்க முடியாது. ஐயரே கேட்டு அடங்குகிறார். அபூ ஸைதுக்கு நடந்ததும் இதுதான். ஆனால் ஒரு முஸ்லிம் பிராமணனாக வேண்டுமானால் நாக்கை வெட்டிவைத்துவிட்டு வர வேண்டும். ஒரே படத்தில், ஒரே கூரையின் கீழ், இரண்டு வேடங்கள். ஒன்று பேச்சைத் தருகிறது, மற்றது பேச்சைப் பறிக்கிறது. படத்தை எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா என்று நான் ஆராயப் போவதில்லை. பிரதியில் இருக்கிறது. குட்டு உடைந்த பிறகும் படம் பாஷாவை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பதில்லை. சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா.

எங்களுக்கு இது வெறும் பகிடி அல்ல என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990க்குப் பிந்திய வருடங்களில் வாப்பாவோடு பஸ்ஸில் போன ஒரு பயணம். ஏறுமுன் தொப்பியைக் கழற்றி மடித்துச் சாரத்து மடியில் வைத்துவிட்டு, "எறங்கும் மட்டும் வாயத் தொறக்கப்போடா மகன்" என்றார். எங்கள் இரு சமூகத்துக்கும் மொழி ஒன்று. ஆனால் 'வாப்பா' என்ற ஒரு சொல் விழுந்தால் போதும். 'ஆணம்' என்றால் போதும். பசித்தது. தண்ணீர் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். வாப்பாவும் கையால்தான் பதில் சொன்னார். பாஷா ஐயர் வீட்டில் செய்ததை நாங்கள் அந்தப் பஸ்ஸில் செய்தோம். பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று எழுதினால் பொய். படுவான்கரைத் தோழர் தன் தாயார் கொழும்புக்குப் போகும்போது பொட்டை அழித்துக்கொண்டு போன கதையைச் சொல்லியிருக்கிறார். 1983 யூலையில் கொழும்புத் தெருவில் 'பால்திய' என்று ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டார்கள். வாளி என்ற பொருளுடைய ஒரு சாதாரணச் சொல். நாக்குப் பிறழ்ந்தவர் பிடிபட்டார். உடுப்பை மாற்றலாம், உச்சரிப்பை மாற்றுவது கடினம். உடுப்பும் அப்படியொன்றும் சுலபமாகிவிடவில்லை: 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா எப்படிச் சர்ச்சையானது என்பதையும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் பெண்களின் ஆடை எப்படிப் பார்க்கப்பட்டது என்பதையும் நாம் கண்டோம்.

கலாசாலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் நாங்கள் பயிலுனர் ஆசிரியர்களாக விடுதியில் இருந்தோம். கலை விழாவுக்கு 'அவ்வை சண்முகி'யை முக்கால் மணித்தியாலப் பாட்டு நாடகமாகச் சுருக்கினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடித்தோம். மேலே சொன்ன தோழர்தான் சண்முகி. அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் கூத்தில் பெண் வேடம் ஆடியவர். நான் பாஷா. எனக்கு வசனம் பாடமாக்கும் வேலை இல்லை என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள்.

அன்று நடந்த ஒரு விசேடம்: தோழர் கமலைப் போலச் செய்யவில்லை. மாமியின் வரவைக் கூத்து வரவாக ஆடினார். சேலை இரவல், கால் மட்டும் படுவான்கரை. முதல் நிமிடம் மண்டபம் சிரிக்கத் தயாராக இருந்தது. பிறகு அமைதியாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பாடிய இடத்தில் பகிடி போய்விட்டது. பிள்ளையைப் பார்க்க வழியில்லாத ஒரு தகப்பன்தான் நின்றான். நாடகப் பொறுப்பாளராக இருந்த தோழருக்கு அது பிடிக்கவில்லை. 'கொமடி கெட்டுப்போச்சு' என்று திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்தார். என் கணிப்பில், அந்த முக்கால் மணித்தியாலத்தில் கலை என்று சொல்லத்தக்கது அந்த ஐந்து நிமிடம்தான்.

இரவு முழுக்க விடுதியில் சண்முகியைப் பற்றியே பேச்சு. கமலின் கட்சியும் கூத்துக் கட்சியும். சோறு ஆறிப்போனது. மறுநாள் சாப்பாட்டு மண்டபத்தில் எங்களைவிட மூத்த ராத்தா ஒருவர், மூன்று பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தவர், என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, எல்லாருக்கும் பாட்டு வெச்சிருக்கீங்க, ஒங்களுக்கு மட்டும் ஒண்ணுமில்ல?" படத்தில் அவன் ஊமை, அதனால் என்றேன். "படத்துல ஊமை. நாடகம் நீங்க எழுதினதுதானே" என்றார்.

இருபது வருடங்களாக இந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. விமர்சனம் என்று நாம் எழுதும் பல பக்கங்களைவிட அது கூர்மையானது. இசை நாடகம் என்ற வடிவத்தின் பயனே அதுதான். பேச முடியாதவன் மேடையில் பாடலாம். மற்றப் பாத்திரங்களுக்குக் கேட்காது, சபைக்குக் கேட்கும். கூத்திலும் அந்த வசதி உண்டு. ஐயருக்கு முன்னால் ஊமையாக நிற்கும் பாஷா, அடுக்களையில் தனியே வந்து தன் பேச்சில் ஒரு தரு பாடியிருக்கலாம். நாங்கள் யோசிக்கவில்லை. தமிழரான நாடகப் பொறுப்பாளர் யோசிக்கவில்லை என்பதைவிட, முஸ்லிமான நான் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலி. ஊமையாக நிற்பதை நான் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நாடக மரபு வறியதல்ல. அலிபாதுஷா நாடகமும் அப்பாஸ் நாடகமும் பாடல்களால் நிறைந்தவை. பிறகு ஏன் நாம் சினிமாவில் ஒரு பாயைக் கண்டதும், அவர் நல்லவராகக் காட்டப்பட்டாரா கெட்டவராகக் காட்டப்பட்டாரா என்ற ஒரே கணக்கோடு நின்றுவிடுகிறோம்? 'அவ்வை சண்முகி' வெளிவந்தபோது பாஷா நல்லவன் என்பதால் எங்களுக்குத் திருப்தி. நல்லவன்தான். வாய்தான் இல்லை. பம்பாய்ப் படம் பற்றி 1995இல் சூடாக விவாதித்த நாங்கள் அடுத்த வருடம் இந்தப் பாஷாவைக் கண்டுகொள்ளவேயில்லை. சிரிக்க வைத்தால் எதையும் விட்டுவிடுவோம் போலும்.

லண்டன் மாணவனுக்கு இவ்வளவும் எழுதி அனுப்பினேன். அவன், "சேர், அங்க பாஷா இல்ல" என்று ஒரு வரியில் பதில் அனுப்பினான். உண்மை. வெள்ளைக்காரர் நாடகத்தில் பாஷா இல்லை, இருக்கவும் முடியாது. அவன் நம்முடைய ஆள்.

படுவான்கரைத் தோழர் இப்போது அதிபராக இருக்கிறார். பழைய நாடகத்தைத் திருத்தித் தன் பாடசாலையில் போட விரும்புகிறார். மாமிக்கு வடமோடி வரவு, பாஷாவுக்குத் தென்மோடியில் ஒரு தரு என்று அவரே மெட்டைப் பாடி அனுப்பிவிட்டு, சொற்களை என்னிடம் கேட்டார். எட்டு அடி எழுதிக் கொடுத்தேன். முதல் அடியில் வரும் 'வாப்பா' தாளத்துக்கு நிற்கவில்லை, 'அப்பா' என்று மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். தாளத்தை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன்.